பட்டமளிப்பு ஊர்வலத்துக்கு இசை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

முதன்முதலில் ஒரு கல்லூரிப் பட்டமளிப்பு விழாவுக்கு நான் ஊர்வல இசை எழுதிக் கொடுத்தது நான்கு நிமிட மார்ச். மெல்லத் தொடங்கி, படிப்படியாக ஏறி, நான்காவது நிமிடத்தில் டிரம்பெட்டும் சிம்பலும் சேர்ந்து முழங்கி முடியும். ஒத்திகையில் எல்லோரும் கைதட்டினார்கள். விழா அன்று சிறப்பு விருந்தினர் வாசலிலேயே படம் எடுத்துக்கொள்ள நின்றுவிட்டார். டிரம்பெட் உச்சத்தில் முழங்கி ஓய்ந்தபோது நடைபாதையில் ஈ காக்கை இல்லை. அப்புறம் துணைவேந்தர், பேராசிரியர்கள் எல்லோரும் மின்விசிறிச் சத்தத்தில் நடந்து வந்து மேடை ஏறினார்கள்.

அன்று புரிந்தது இதுதான். ஊர்வல இசை எவ்வளவு நேரம் ஓடும் என்பது எழுதுகிறவர் கையில் இல்லை. நடக்கிறவர்கள் கையில்தான் இருக்கிறது. நம் ஊர்க் கோயில் மேளக்காரர்களுக்கு இது பால பாடம். சாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிக்கும் நாகஸ்வரக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, பல்லக்கைப் பார்க்கிறார். சாமி நின்றால் வாசிப்பு நீளும், நகர்ந்தால் வாசிப்பும் நகரும். மேற்கத்திய பேண்டுக்கு எழுதும்போது இதைத் தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

படி 1: யார் நடக்கிறார்கள் என்று கேளுங்கள்

பேனா எடுப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். அமெரிக்காவில் பட்டம் வாங்கும் மாணவர்களே அங்கியும் தட்டைத் தொப்பியுமாக நடந்து வருவார்கள். சில நூறு பேர் என்றால் சின்ன விழா, சில ஆயிரம் என்றால் விளையாட்டரங்கம். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் முன்பே உட்கார்ந்திருப்பார்கள். ஆர்கன் முழங்க, ஆசிரியர்களும் செங்கோல் ஏந்தியவரும் வேந்தரும் மட்டும் வருவார்கள். இந்தியாவிலும் பொதுவாக அதே வழக்கம்தான். பதிவாளர் முன்னே, ஆட்சிக்குழு உறுப்பினர்கள் பின்னே, வேந்தர் கடைசியில்.

முதல் வகைக்கு நீளமான, சலிக்காத இசை வேண்டும். இரண்டாவது வகைக்கு மூன்று நான்கு நிமிடம் போதும், ஆனால் ஒவ்வொரு நொடியையும் சபை நின்றுகொண்டே கேட்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் வேலை கெட்டது.

படி 2: நடந்து அளவெடுங்கள்

அரங்கத்துக்கு நேரில் போங்கள். வரைபடம் அனுப்புகிறோம் என்பார்கள், வேண்டாம். கதவிலிருந்து முதல் வரிசை நாற்காலி வரை நீங்களே நடந்து பாருங்கள், முடிந்தால் அங்கி போட்டுக்கொண்டு. கால் தடுக்கும், அடி சின்னதாகும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 400 மாணவர்கள், இருவர் இருவராக. 200 ஜோடி. ஜோடிக்கும் ஜோடிக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி வைத்தால் வரிசையின் நீளம் மட்டும் 300 மீட்டர். கதவிலிருந்து நாற்காலிக்கு 60 மீட்டர். ஆகக் கடைசி ஜோடி உட்கார 360 மீட்டர் நகர வேண்டும். அங்கியில் ஓர் அடி ஏறக்குறைய 55 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 76 அடி என்றால் 42 மீட்டர். 360ஐ 42ஆல் வகுத்தால் எட்டரை நிமிடம்.

இனி இசைப் பக்கம். இசைத்தாளில் கோடு போட்டுப் பிரிக்கும் ஒவ்வொரு தாளக் கட்டமும் ஒரு பார். நான்கு எண்ணிக்கை கொண்ட 16 பார் ஒரு சுற்று என்றால் 64 எண்ணிக்கை. 76 வேகத்தில் அது 50 விநாடி. எட்டரை நிமிடத்துக்குப் பத்துச் சுற்று! ஒரே மெட்டைப் பத்து முறை கேட்டால் பெற்றோர்கள் எழுந்து போய்விடுவார்கள். இரண்டு மெட்டு வைத்து மாற்றி மாற்றி வாசித்தால் ஒவ்வொன்றும் ஐந்து முறைதான் வரும், தாங்கும். எத்தனை மெட்டு எழுத வேண்டும் என்பதை அளவு நாடாதான் முடிவு செய்கிறது.

ஆசிரியர் ஊர்வலத்துக்குக் கணக்கு எளிது. 60 பேர், 30 ஜோடி, தாராளமாக இரண்டு மீட்டர் இடைவெளி, நடைபாதை 40 மீட்டர் என்றால் மொத்தம் 100 மீட்டர். ஆனால் வயதானவர்கள், நிமிடத்துக்கு 36 மீட்டர் போனாலே அதிகம். மூன்று நிமிடத்துக்குள் முடியும் என்று காகிதம் சொல்லும். மேடைப் படிக்கட்டைக் காகிதம் பார்ப்பதில்லை. அங்கே ஒவ்வொருவராகத்தான் ஏற முடியும், கைப்பிடி வேறு ஒரு பக்கம்தான் இருக்கும். இன்னொரு நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: காலப்பிரமாணம்

ராணுவத்தின் விரைவு நடை நிமிடத்துக்கு 120 அடி அளவில் போகும். அதைப் பட்டமளிப்புக்குக் கொண்டுவந்தால் பேராசிரியர்கள் பேருந்தைப் பிடிக்க ஓடுவது போல இருக்கும். 60க்குக் கீழே போனாலோ வேறு ஊர்வலம் ஞாபகம் வரும். 72 முதல் 84 வரை நல்லது. நான் 76ல் எழுதிவிட்டு, ஒத்திகையில் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை இரண்டு மூன்று புள்ளி ஏற்றி இறக்கிப் பார்ப்பேன்.

தாளம் நாலாகவோ இரண்டாகவோ இருக்கட்டும். மனிதனுக்குக் கால் இரண்டு. மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் நடந்தால் அழுத்தம் ஒருமுறை வலக்காலில் விழும், அடுத்தமுறை இடக்காலில். பழகாதவர்கள் தள்ளாடுவார்கள். ‘காவுடெயாமுஸ் இகிடுர்’ என்ற பழைய லத்தீன் மாணவர் பாட்டு ஐரோப்பியப் பட்டமளிப்பு விழாக்களில் இன்றும் ஒலிக்கிறது. அது மூன்று எண்ணிக்கைப் பாட்டு. அதனால் அதை எல்லோரும் நின்றபிறகு பாட வைப்பதுதான் வசதி. நடையில் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் நெடில்களை இழுத்து நாலு எண்ணிக்கைக்கு மாற்றி எழுத வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: எல்லோரும் ஒரே தாளத்தில் அடி வைக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். மைதானத்தில் ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். பேண்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தாளம் 0.3 நொடி தாமதமாகக் கேட்கும். 76 வேகத்தில் ஓர் எண்ணிக்கையே 0.8 நொடிக்குள்தான். முன்வரிசையும் பின்வரிசையும் அடி சேரவே சேராது. ஆகவே ஒவ்வோர் எண்ணிக்கையிலும் டிரம் அடித்து மிரட்டாதீர்கள். அடியில் மெல்ல ஓடும் டியூபா, அந்தப் பெரிய பித்தளைக் குழல், போதும். நடக்கிறவர்கள் இசைக்கு மேலே மிதந்து வருவது போல இருந்தால் போதும்.

படி 4: மெட்டு

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எல்லோரும் திருட ஆசைப்படும் ஒரு மெட்டு இருக்கிறது.

ஆங்கில இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் 1901ல் எழுதிய ‘பாம்ப் அண்ட் சர்க்கம்ஸ்டன்ஸ்’ முதல் மார்ச். அந்த ஆண்டு அக்டோபர் 19ஆம் தேதி லிவர்பூலில் முதலில் வாசிக்கப்பட்டது. சில நாட்களில் லண்டனில் ஹென்றி உட் நடத்தியபோது சபை எழுந்து நின்று மறுபடியும் கேட்டது. அதன் நடுப்பகுதிக்கு அடுத்த ஆண்டே ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக ‘லேண்ட் ஆஃப் ஹோப் அண்ட் குளோரி’ என்று சொற்கள் சேர்ந்தன. இதுவரை பட்டமளிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1905 ஜூனில் யேல் பல்கலைக்கழகம் எல்கருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவருடைய நண்பர் சாமுவேல் சான்ஃபோர்ட் அங்கே இசைப் பேராசிரியர். விழா முடிந்து எல்லோரும் வெளியேறும்போது அந்த மார்ச்சை வாசித்தார்கள். மற்றப் பல்கலைக்கழகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டன. இன்று அமெரிக்காவில் அது இல்லாமல் பள்ளிக்கூடப் பட்டமளிப்புகூட நடப்பது அபூர்வம், அதுவும் உள்ளே வரும் இசையாக.

அந்த மெட்டு எப்படி வேலை செய்கிறது என்று நம் ஸ்வரத்தில் எழுதிப் பாருங்கள். சங்கராபரண ஸ்வரங்கள்தான். மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் ‘ஸ’வில் தொடங்கி:

ஸா நி ஸ ரி, தா பா
மா க ம ப, ரீ

இரண்டாவது வரி வேறொன்றுமில்லை. முதல் வரியின் முதல் ஐந்து ஸ்வரம் அப்படியே ஐந்தாவது ஸ்வரத்துக்கு இறங்கி வருகிறது. ஸ இருந்த இடத்தில் ம, நி இருந்த இடத்தில் க, த இருந்த இடத்தில் ரி. காதுக்குப் புதுசும் பழசுமாக ஒரே நேரத்தில் படுகிறது. குதிப்பு முதல் வரியில் ரி-த, இரண்டாவது வரியில் அதே இடத்தில் ப-ரி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள். நெடில் எங்கே விழுகிறதோ அங்கேதான் ஊதுகிறவர் மூச்சு வாங்குகிறார். முதல்முறை இதை வயலினும் கிளாரினெட்டும் ஹார்னும் தணிந்து சொல்லும், அப்புறம்தான் முழு ஆர்க்கெஸ்ட்ரா. மார்ச்சின் வேகமான முன்பகுதியைப் பட்டமளிப்பில் யாரும் தொடுவதில்லை. நடப்பதற்கு இந்த நடுப்பகுதி மட்டும்தான்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஸ்வரங்களை அல்ல, கட்டுமானத்தை. சின்னப் பிடி ஒன்று, அதே பிடி கீழே ஒருமுறை, அதிகக் குதிப்பு இல்லாமல், நெடிலில் மூச்சு. எல்கரையே வாசிக்க விரும்பினாலும் தடையில்லை. அவர் 1934ல் காலமானார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் காப்புரிமை தீரும், பிரிட்டனில் 70. இரண்டும் தாண்டியாயிற்று. ஆனால் இன்று ஒருவர் பேண்டுக்கு அமைத்து விற்கும் பிரதிக்குத் தனி உரிமை உண்டு, ஒலிப்பதிவுக்கும் அப்படியே.

சொந்தமாக எழுதுவதென்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கென்று பாட்டு ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் கதை இதற்குப் பொருத்தம். 1879ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பட்டச் சான்றில் கனமான இசைக்கலையின் தலைவர் என்ற ரீதியில் புகழ்ந்திருந்தார்கள். அவர் ஒரு அஞ்சலட்டையில் நன்றி சொல்லி முடித்துவிடப் பார்த்தார். அங்கிருந்த நண்பர் பெர்ன்ஹார்ட் ஷோல்ட்ஸ், ஒரு இசையாவது எழுதித் தர வேண்டும் என்று உணர்த்த, 1880 கோடையில் உட்கார்ந்து எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது மாணவர்கள் மது மேசையில் பாடும் பாட்டுகள்! கடைசியில் ‘காவுடெயாமுஸ்’ பேரோசையாக வந்து நிற்கும். 1881 ஜனவரி 4ஆம் தேதி பேராசிரியர்கள் முன்னால் அவரே நடத்தினார். பத்து நிமிட மேடை இசை அது, நடப்பதற்கானது அல்ல. ஆனால் மாணவர்களுக்குத் தெரிந்த மெட்டு உள்ளே ஒளிந்திருந்தால் சபை எப்படி நிமிர்ந்து உட்காரும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

நம் நாட்டிலும் இப்படி ஒளித்துவைக்க மெட்டுகள் உண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் குலகீதத்தை எழுதியவர் வேதியியல் விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகர். உங்கள் கல்லூரிப் பாட்டின் முதல் வரியை இரண்டாவது மெட்டுக்கு அடியில் டிராம்போனில் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். பழைய மாணவர்கள் தலையைத் திருப்புவார்கள்.

படி 5: எங்கும் நிறுத்தும்படி கட்டுங்கள்

என் முதல் மார்ச் தோற்றது இந்த இடத்தில்தான். முடிவு ஒரே ஒரு இடத்தில் இருந்தது.

இப்போது நான் எழுதுவது இப்படி. தொடக்கத்தில் டிரம்பெட் முழக்கம், 4 பார். சபை எழுந்து நிற்பதற்கு. அடுத்து ஒரு 2 பார் சக்கரம், மெட்டு இல்லாமல் டியூபாவும் ஹார்னும் மட்டும். கதவு திறக்கத் தாமதமானால் இதையே சுற்றிக்கொண்டிருக்கலாம். அடுத்து ‘அ’ மெட்டு 16 பார், ‘ஆ’ மெட்டு 16 பார். ஒவ்வொரு 8ஆவது பாரின் கடைசியிலும் மெட்டு ஷட்ஜத்தில் வந்து உட்கார வேண்டும், அல்லது ஷட்ஜத்தை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நிற்க வேண்டும். அதன்மேல் ஒரு வாசல், அதாவது இங்கிருந்து வெளியேறலாம் என்ற குறி. வாசலில் கைகாட்டினால் எல்லோரும் தாளின் அடியில் தனியாக அச்சிட்ட 4 பார் முத்தாய்ப்புக்குத் தாவுவார்கள். 8 பார் என்றால் 25 விநாடி. ஆக, மோசமான நிலையிலும் கடைசி ஆள் உட்கார்ந்து 25 விநாடிக்குள் முத்தாய்ப்பு தொடங்கிவிடும்.

இதில் சிரமம் என்னவென்றால், எட்டு பாருக்கு ஒருமுறை முடிவதுபோல் வந்தால் சபையும் ஒவ்வொரு முறையும் முடிந்துவிட்டது என்று நினைக்கும். கைதட்டல்கூட வரும். அதைத் தவிர்க்க மெட்டை முடியவிட்டு, அடிக்குரலை முடியவிடாதீர்கள். மேலே ஷட்ஜம், கீழே டியூபா பஞ்சமத்திலிருந்து நடந்துகொண்டே இருக்கட்டும். முத்தாய்ப்பில் மட்டும் டியூபாவும் ஷட்ஜத்துக்கு இறங்கினால் சபைக்குத் தானாகப் புரியும்.

ஒலியைக் குறைத்துக்கொண்டே போய் முடிக்கும் வழக்கம் பதிவில் சரி. நேரில் அது பேண்டு களைத்துப்போனது மாதிரி இருக்கும்.

படி 6: உதடுகளைக் காப்பாற்றுங்கள்

எட்டரை நிமிடம் டிரம்பெட் ஊதச் சொன்னால் ஊதமாட்டார்கள் என்றில்லை. பட்டம் கொடுத்து முடிந்ததும் ஊத வேண்டியதற்கு உதடு இருக்காது. சுற்றுகளைப் பங்குபோடுங்கள். முதல் சுற்று கிளாரினெட்டும் ஹார்னும். இரண்டாவதில் யூஃபோனியம் மெட்டைச் சொல்ல, புல்லாங்குழல் மேலே ஒரு எதிர் வரி. மூன்றாவதில்தான் டிரம்பெட். நான்காவதில் மறுபடி மரக்குழல்கள். சபைக்கும் ஒரே மெட்டு வேறு வேறு நிறத்தில் கேட்கிறது, ஊதுகிறவர்களுக்கும் மூச்சு திரும்புகிறது.

சுருதி விஷயத்தில் ஒன்று. பேண்டு வாத்தியங்கள் பி ஃபிளாட், இ ஃபிளாட்டில் பழகியவை. எல்கர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஜி, டி என்று எழுதியதை அப்படியே பேண்டு முன் வைத்தால் மாணவக் கிளாரினெட்காரர்கள் ஸ்வரத்தை அரை ஏற்றும் ஷார்ப்புக் குறிகளில் திணறுவார்கள். பி ஃபிளாட்டுக்கோ இ ஃபிளாட்டுக்கோ இடம் மாற்றிக் கொடுங்கள்.

படி 7: கைகாட்டுகிறவர் யார்?

நடத்துகிறவர் பேண்டைப் பார்த்து நிற்பார், ஊர்வலம் அவர் முதுகுக்குப் பின்னால் வரும். இது பலருக்கு ஒத்திகையில் தோன்றுவதே இல்லை, ஏனென்றால் ஒத்திகையில் ஊர்வலமே இருக்காது. ஆகவே ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். அவருக்கு வேலை இரண்டுதான். கடைசி ஜோடி கதவைத் தாண்டியதும் ஒரு கை. அப்போது கடைசியாக ஒரு முழுச் சுற்று, எல்லா வாத்தியமும், உரத்து. கடைசி ஆள் நாற்காலிக்கு முன் வந்து நின்றதும் இரண்டு கை. அடுத்த வாசலில் முத்தாய்ப்பு. கைபேசியில் செய்தி அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அரங்கத்தில் சிக்னல் இல்லாமல் போகும் நேரம் அதுதான்.

படி 8: அடுத்து என்ன பாடப்போகிறார்கள்

உங்கள் இசை முடிந்ததும் சபை நின்றபடியே இருக்கும். தமிழ்நாட்டு விழா என்றால் பெரும்பாலும் அடுத்தது தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் வந்த அரசாணைப்படி அது மாநிலப் பாடல். மோகனத்தில், மூன்றன் நடையில், 55 விநாடியில் பாட வேண்டும், வாயால் பாடுவதே முறை.

நீங்கள் நாலு எண்ணிக்கையில் எட்டு நிமிடம் சபையின் காதில் ஏற்றியிருப்பீர்கள். உடனே பாடகர்கள் மூன்றில் எடுத்தால் முதல் வரி தடுமாறும். முத்தாய்ப்புக்குப் பிறகு முழுதாகப் பத்து விநாடி அமைதி விடுங்கள். முன்கூட்டியே பாடகர்களின் சுருதியைக் கேட்டுவைத்துக்கொண்டு, உங்கள் கடைசி ஒலி அவர்களுடைய ஷட்ஜமாகவோ பஞ்சமமாகவோ இருக்கும்படி முடித்தால் அவர்களுக்கு சுருதிப்பெட்டியே தேவைப்படாது. இதை ஒருமுறை செய்தேன். பாடிய பெண்களில் ஒருத்தி விழா முடிந்து வந்து, “சார், நீங்க விட்ட இடத்துலயே எடுத்துட்டோம்” என்றாள். அன்றைக்கு வாங்கிய சம்பளத்தைவிட அது பெரிசு.

படி 9: வெளியேறும் இசை

இது எளிது. எல்லோரும் பசியில் இருப்பார்கள், வேகமாக நடப்பார்கள். 96 முதல் 108 வரை வைத்துக்கொள்ளலாம். டிரம், சிம்பல் எல்லாம் இங்கே வரட்டும். முதலில் மேடையிலிருப்பவர்கள் வரிசையாக இறங்கிப் போவார்கள். அதுவரை ஒழுங்கு இருக்கும். அதற்கப்புறம் தொப்பி பறக்கும், அம்மாக்கள் பிள்ளைகளைத் தேடி ஓடுவார்கள், உங்கள் இசையை யாரும் கேட்கமாட்டார்கள். அரங்கத்தின் இரைச்சல் உங்கள் டிராம்போனைத் தாண்டியதும் அடுத்த வாசலில் முடித்துவிட்டு, வெளி மைதானமாக இருந்தால் தாள்களில் மாட்டிய துணிக் கிளிப்புகளை எண்ணிப் பையில் போடுங்கள். போன தடவை எனக்கு ஆறு குறைந்தது.